மன்றாட்டில் ஏழையின் இடம்

ஞாயிறு வழிபாட்டில் மன்றாட்டு ஏறெடுக்கப்படும் வேளையில் நாட்டை ஆளுவோரும், பேராயர்களும் ஆயர்களும், நோயுற்றோரும், துக்கத்திலிருப்போரும் முறையே நினைக்கப்படுகின்றனர். இவர்களுக்கு நடுவே ஏழைகளும் ஓரிடத்தில் வருகின்றனர். பெரும்பாலும் ஒரே வாக்கியம். சில வேளைகளில் 'ஏழைகள், விதவைகள், திக்கற்றோர்' என ஒரே மூச்சில் முடிந்துவிடும் அரை வாக்கியம். சபையார் 'ஆமென்' என்கின்றனர். வழிபாடு மேலே செல்கிறது. இந்த வாக்கியத்தை நாம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதில்லை. பிரசங்கங்களைத் திறனாய்வு செய்கிறோம்; பாடல்களின் இறையியலைத் திறனாய்வு செய்கிறோம்; மன்றாட்டைத் தொடுவதற்குக் கூசுகிறோம். ஜெபிக்கிறவனுடைய உள்ளத்தைக் கடவுளே அறிவார், அதை எடைபோட நாம் யார் என்னும் தயக்கம் நியாயமானதே. ஆயினும் சபையில் உரக்க ஏறெடுக்கப்படும் ஜெபம் ஒருவருடைய உள்ளத்துக்கு மட்டும் உரியதன்று. அது நூலில் அச்சேறுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்கிறவனுக்குத் தான் யார், தன் துன்பம் எங்கிருந்து வந்தது என்பவற்றையும் கற்பிக்கிறது.

இத்தகைய திறனாய்வுக்குத் திருமறையே வழிகாட்டுகிறது. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், உடையும் உணவுமின்றி நிற்கும் சகோதரனையோ சகோதரியையோ பார்த்துச் சமாதான வாழ்த்து மட்டும் கூறி அனுப்பிவிடுகிறவனைக் கண்டிக்கிறார். இப்பகுதியைக் கிரியையற்ற விசுவாசம் என்னும் தலைப்பின்கீழ் மட்டுமே படித்துப் பழகியிருக்கிறோம். அந்த மனிதன் கூறிய சொற்கள் யூதர் வழக்கில் விடைகொடுக்கும் ஆசிமொழி என்பதை நாம் கவனிப்பதில்லை. அவன் ஏழையை ஏசவில்லை, விரட்டவுமில்லை, ஆசீர்வதித்தான். அந்த ஆசீர்வாதத்தையே யாக்கோபு குற்றஞ்சாட்டுகிறார். ஏசாயாவின் முதல் அதிகாரத்திலும், மிகுதியாக ஜெபிக்கிறவர்களின் கைகளில் இரத்தம் இருப்பதால் தாம் செவிகொடுப்பதில்லை என்று ஆண்டவர் உரைக்கிறார். ஆகவே ஜெபத்தைத் திறனாய்தல் பக்திக்கு விரோதமன்று.

ஏழைகளுக்கான ஜெபம் ஒன்றைப் படிக்கும்போது அதன் இலக்கணத்தைக் கவனிப்பது பயன் தரும் என்பது நம் கருத்து. அதில் 'நாங்கள்' என்போர் யாவர்? 'அவர்கள்' என்போர் யாவர்? அவர்களுடைய வறுமைக்கு வினைமுதல் உண்டா, அல்லது அது மழைபோல் தானே பெய்ததா?

ஆங்கிலிகத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலில் பஞ்சகாலத்துக்கென்று ஜெபங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, தானியக் குறைவையும் விலையேற்றத்தையும் நம்முடைய அக்கிரமத்தினிமித்தம் நீதியாகவே அனுபவிக்கிறோம் என்று அறிக்கையிட்டு, அதை மலிவாகவும் நிறைவாகவும் மாற்றும்படி கடவுளை வேண்டுகிறது. பாவ உணர்வு மிகுந்த ஜெபம் இது, மொழியழகும் உடையது. ஆனால் இதிலுள்ள 'நாங்கள்' என்னும் சொல் பட்டினி கிடக்கிறவனையும், நெல்லைப் பூட்டிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருக்கிறவனையும் ஒரே மணையில் உட்கார்த்துகிறது. பஞ்சத்தில் எல்லாரும் பட்டினி கிடப்பதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்; அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம் போதும் என 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். உடலுழைப்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். இப்படி அளந்தவரும் தடுத்தவரும் தெரிந்திருந்த ஒரு பஞ்சத்தை, அந்தப் பழைய ஜெபத்தின் சொற்களைக்கொண்டு கடவுளிடம் விவரிக்க இயலாது. சாகிறவனையே தன் பாவத்தை அறிக்கையிடச் செய்துவிட்டு, அளந்தவனைப் பற்றி அது வாய் திறவாது.

இதற்கு நூறாண்டுகளுக்கும் முந்திய ஜெபமொன்று வேறுவிதமாகப் பேசுகிறது. ஆறாம் எட்வர்டு மன்னன் காலத்தில் 1553இல் வெளியான ஜெபச் சுவடியில் நிலக்கிழார்களுக்கான மன்றாட்டு ஒன்று இடம்பெற்றது. மேய்ச்சல் நிலங்கள் வேலியிட்டு வளைக்கப்பட்டு, குத்தகை உயர்ந்து, உழவர் வீடிழந்த காலம் அது. 1549இல்தான் நார்ஃபோக்கில் கெட் என்பவரின் தலைமையில் உழவர் கலகம் வெடித்து அடக்கப்பட்டிருந்தது. அந்த மன்றாட்டு, பூமி கர்த்தருடையது என்று தொடங்கி, நிலமுடையோர் தங்களையும் கடவுளின் குடியானவர்களாக எண்ணிக் குத்தகையை வரம்பின்றி உயர்த்தாமலும், பொருந்தாத கட்டணங்களைப் பறிக்காமலும், குடியிருப்போர் தம் மனைவி மக்களோடு பிழைக்கத்தக்கதாக நிலத்தை விடும்படியாகவும் வேண்டுகிறது. வீட்டோடு வீட்டைச் சேர்ப்பவர்களைப் பற்றிய ஏசாயாவின் எச்சரிக்கையும் அதனுள் ஒலிக்கிறது. ஏழையைக் குறித்த இந்த ஜெபத்தில் ஏழைக்காக இரக்கம் கேட்கப்படவில்லை. குத்தகை குறைய வேண்டும் என்று கேட்கப்படுகிறது. ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். இது தனி ஜெபத்துக்குரிய சுவடியில்தான் இடம்பெற்றது; ஆலயத்தில் நிலக்கிழார் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது வாசிக்கப்படும் பொது ஜெப நூலில் இடம்பெறவில்லை.

நிற்க. இக்கட்டுரையில் நாம் சற்று விரிவாக ஆராய விரும்புவது 1910இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஜெப நூலை. 'கடவுளுக்காகவும் மக்களுக்காகவும்: சமூக விழிப்பின் ஜெபங்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஆசிரியர் வால்ட்டர் ரவுஷன்புஷ். இறையியல் மாணவர்கள் இவரைச் சமூக நற்செய்தி இயக்கத்தின் தலைவராக அறிவர். 1907இல் வெளியான 'கிறிஸ்தவமும் சமூக நெருக்கடியும்', 1917இல் வெளியான 'சமூக நற்செய்திக்கான இறையியல்' ஆகிய நூல்களைத் தேர்வுக்காகவேனும் புரட்டியிருப்பர். ஜெப நூலைப் படித்தவர்கள் அரியர். நம் கருத்தில் அவருடைய நூல்களுள் மிகவும் நிலைபேறு உடையது இதுவே.

ரவுஷன்புஷ் 1861இல் ராச்செஸ்டர் நகரில் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். 1886 முதல் 1897 வரை நியூயார்க் நகரின் ஜெர்மானிய பாப்டிஸ்டு சபையொன்றில் போதகராயிருந்தார். சபை இருந்த இடம் 'நரகத்தின் அடுக்களை' என்று மக்கள் பெயரிட்டழைத்த தொழிலாளர் குடியிருப்பின் ஓரம். அங்கே அவர் அடக்கம்செய்த குழந்தைகளின் சிறு பெட்டிகளே அவருடைய இறையியலை மாற்றின என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். செவிப்புலன் குன்றிய நிலையிலேயே போதகப் பணியையும், பின்னர் ராச்செஸ்டர் இறையியல் கல்லூரியில் ஆசிரியப் பணியையும் ஆற்றினார். சமூக நற்செய்தியார் தனிமனித பக்தியைத் துறந்தவர்கள் என்று நம்மிடையே இன்றும் சொல்லுவோர் உளர். அவர்களுக்காக ஒரு செய்தி: எழுப்புதல் பாடகர் சாங்கியோடு சேர்ந்து நற்செய்திப் பாடல்களை ஜெர்மன் மொழியில் தொகுத்து வெளியிட்டவரும் இதே ரவுஷன்புஷ்தான்.

நூலின் அமைப்பே ஒரு விளக்கவுரையாக இருக்கிறது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் சமூகப் பொருளைப் பற்றிய கட்டுரை முதலில் வருகிறது. அந்த ஜெபத்தில் 'என்', 'எனக்கு' என்னும் ஒருமை இல்லை என்பதையும், அன்றாட அப்பத்தைக் கேட்பது ஆன்மிகத்துக்குக் குறைவான காரியமன்று என்பதையும் அவர் வற்புறுத்துகிறார். பின்னர் காலை, மாலை ஜெபங்களும் நன்றியறிதலும் வருகின்றன. அடுத்து வரும் பகுதியே நூலின் நடுத்தூண். வேலை செய்யும் சிறுவர்க்காக, தெருவில் வளரும் பிள்ளைகளுக்காக, உழைக்கும் பெண்களுக்காக, தொழிலாளர்க்காக, குடியேறி வருவோர்க்காக என்று அது விரிகிறது. அதே பகுதியில் முதலாளிகளுக்காக, வணிகர்களுக்காக, பெருஞ்செல்வர்க்காக, நீதிபதிகளுக்காக, பத்திரிகையாளர்களுக்காக, போதகர்களுக்காகவும் ஜெபங்கள் உள்ளன. ஏழைகளைத் தனித் தலைப்பில் ஒதுக்காமல், அவர்களுடைய வாழ்வைத் தீர்மானிக்கிற கைகளோடு ஒரே வரிசையில் வைத்தமை ஆசிரியரின் நுண்ணறிவைக் காட்டுகிறது. அதற்குப் பின் 'சினத்தின் ஜெபங்கள்' என்று ஒரு பகுதி: போருக்கு எதிராக, மதுவுக்கு எதிராக, மம்மோனின் ஊழியக்காரருக்கு எதிராக. சங்கீதங்களை நாள்தோறும் வாசிக்கும் திருச்சபை சினத்தோடு ஜெபிப்பதை மறந்துபோனது எப்படி என்று இந்தத் தலைப்பே நம்மைக் கேட்கிறது.

வேலை செய்யும் சிறுவர்க்கான ஜெபத்தைச் சற்று நின்று பார்ப்போம். 1900ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுக்குட்பட்ட பதினேழரை இலட்சம் சிறுவர் ஊதிய வேலையில் இருந்தனர். அவர்களைக் குறித்து ஜெபிக்கத் தொடங்கும் ரவுஷன்புஷ், உலகத்துக் குழந்தைகள் அனைவர்மேலும் தந்தையின் கை மென்மையாகத் தங்கும்படி வேண்டுகிறார். இதுவரை எந்தப் போதகரும் இதைச் சொல்லியிருக்கலாம். பின்பு ஜெபம் திரும்புகிறது. சிறியவருக்கு இடறலுண்டாக்குகிறவனைக் குறித்து இயேசு பெருமான் கூறிய ஏந்திரக்கல்லை நினைவுகூர்கிறது. இத்தகைய விலை கொடுத்து வரும் செல்வம் வேண்டாம் என்று மறுக்கும் நெஞ்சுரத்தை முதலாளிகளுக்குத் தரும்படி கேட்கிறது. இந்த அநியாயத்தை அனுமதிக்கும் மாநிலங்களின் குடிமக்களுக்கும் அதிகாரிகளுக்கும் தூய சினம் என்னும் கிருபையைத் தரும்படி கேட்கிறது. கடைசியில், நாட்டின் ஒவ்வொரு குழந்தையும் எங்கள் குழந்தை என்று உணரச் செய்யும் என்கிறது. ஜெபம் குழந்தையிடமிருந்து புறப்பட்டு, முதலாளியிடமும் சட்டசபையிடமும் சென்று, இறுதியில் ஜெபிக்கிறவனுடைய வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. சினம் ஒரு கிருபை என்று எத்தனை ஜெபங்களில் நாம் கேட்டிருக்கிறோம்?

இந்த ஜெபத்துக்கு நேர்ந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1916இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1918 ஜூன் 3 அன்று உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று ரவுஷன்புஷ் மறைந்தார். நாடு முழுமைக்கும் நிலைத்த சட்டம் 1938இல்தான் வந்தது. ஜெபம் அச்சேறி 28 ஆண்டுகள் கடந்திருந்தன.

இனி இந்நூலின் குறைகளுக்கு வருவோம். சில ஜெபங்களில் ஆசிரியர் கடவுளை மறந்து சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார். கடவுளுக்கு நாட்டு நிலைமையை எடுத்துரைப்பதுபோல நடை மாறுகிறது. சமூக அக்கறையுள்ள ஜெபங்களுக்கு இது பொதுவான ஆபத்து. நம் கல்லூரி ஆலயங்களிலும் கடவுளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் மாணவர்கள் உண்டு. மனித குலம் படிப்படியாக முன்னேறியே தீரும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் நம்பிக்கையும் பல ஜெபங்களில் ஊடுருவியிருக்கிறது. 1932இல் ரைன்ஹோல்டு நீபூர் தாக்கியது இத்தகைய நம்பிக்கையைத்தான். 1958இல் எழுதிய நூலில் மார்ட்டின் லூதர் கிங், தம் சமூக உணர்வுக்கு ரவுஷன்புஷ் இறையியல் அடித்தளம் இட்டதை நன்றியோடு ஒப்புக்கொண்டு, இதே குறையைச் சுட்டினார். நிற வேற்றுமையால் நசுங்கிய கறுப்பின மக்களின் துன்பம் ரவுஷன்புஷ்ஷின் எழுத்துக்களில் மிகச் சிறிய இடமே பெற்றது என்பதும் பலர் கூறியுள்ள குறை. சாதியைப் பற்றிப் பேசாமல் வறுமையைப் பற்றி மட்டும் பேசிப் பழகிய நாம் அவர்மேல் விரைந்து கல்லெறிய இயலாது.

நம்மை மிகவும் உறுத்தும் குறை இவற்றினும் வேறானது. தொழிலாளர்க்கான ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்கு இழைக்கும் தீங்கு அனைவருக்கும் உரிய காரியம் என்று தொழிலாளர் உணரவேண்டும் என்கிறது. அவர்களுக்கு நல்ல தலைவர்கள் எழும்ப வேண்டும் என்கிறது. ஓய்வுக்காகவும் உடல்நலத்துக்காகவும் கூலிக்காகவும் அவர்கள் போராடும்போது வெற்றி தாரும் என்கிறது. 1910இல் இவ்வளவு வெளிப்படையாகத் தொழிற்சங்கத்துக்காக ஆலயத்தில் ஜெபிக்கத் துணிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் அடுத்த மூச்சிலேயே, பெற்ற கூலியைக் கணநேர இன்பங்களில் வீணாக்காதிருக்க அவர்களுக்குக் கற்றுக்கொடும் என்றும் கேட்கிறார். கூலி உயர்ந்தவுடன் அறிவுரை வந்துவிடுகிறது! தொழிலாளர் அங்கே 'எங்கள் சகோதரர்'. ஆனால் படர்க்கையில் நிற்கும் சகோதரர். ஜெபிக்கும் 'நாங்கள்' கற்றறிந்த, பரிவுள்ள நடுத்தர வகுப்பார். ஏழைகளை இவ்வளவு நேசித்த ஒருவருடைய நூலிலும் ஏழை வாய் திறந்து ஜெபிப்பதை அரிதாகவே கேட்கிறோம். அவனைக் குறித்த ஜெபத்தை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

திருமறையின் ஜெப நூலாகிய சங்கீதங்களில் நிலைமை வேறு. நாற்பதாம், எழுபதாம், எண்பத்தாறாம் சங்கீதங்களில் ஜெபிக்கிறவன் தன்னையே எளியவன் என்று கடவுளுக்கு அறிமுகம் செய்துகொள்கிறான். ஏழை அங்கே தன்மை ஒருமை. ஜெபத்தைக் கற்பிக்க இயேசு பெருமான் கூறிய உவமைகளுள் ஒன்றை லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்பதற்கு அவர் தெரிந்துகொண்ட எடுத்துக்காட்டு, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பச் சென்று வழக்காடும் விதவை. அவள் தர்மம் கேட்கவில்லை, தீர்ப்புக் கேட்டாள். நாம் 'விதவைகளுக்காக' ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டவரோ விதவையைப் போல ஜெபிக்கச் சொன்னார். எவருக்காக வேண்டுகிறோமோ அவரே நமக்கு ஜெப ஆசிரியராக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பதை இவ்வுவமையின் விளக்கங்கள் பல கடந்துபோய்விடுகின்றன.

இக்கண்ணோட்டத்தோடு நம் தமிழ்ச் சபைகளின் மன்றாட்டைக் கேட்டால் விந்தையொன்று புலனாகும். நம் கிராமச் சபைகள் பலவற்றில் பெஞ்சுகளிலும் பாயிலும் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் கூலி வேலை செய்வோர். அவர்களுள் மிகப் பலர் தலித் மக்கள். அவர்கள் நடுவே நின்று, கொடுத்த நன்மைகளுக்காக நன்றி கூறிவிட்டு, 'ஏழை எளியவர்களையும் நினைத்தருளும்' என்கிறோம். தமிழில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. கடவுளிடம் பேசும்போது 'நாங்கள்' என்கிறோம். அந்த 'நாங்கள்' சபையார் அனைவரையும் உள்ளடக்க வேண்டும். 'நாங்கள்' நன்றி கூறி 'அவர்களை' ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தில், எதிரே அமர்ந்திருக்கும் பெண் எந்தச் சொல்லுக்குள் இருக்கிறாள்? அவள் 'ஆமென்' சொல்லும்போது தன்னைத் தானே புறத்தே வைத்துவிட்டுச் சொல்கிறாள். இந்த வாக்கியங்களில் பல, ஏழைகள் ஆலயத்துக்கு வெளியே இருந்த வேறொரு நாட்டுச் சபையில் உருவாகி, மொழிபெயர்ப்பாக நம்மிடம் வந்தவை. மொழிபெயர்த்தோர் சொற்களைச் சரியாகவே பெயர்த்தனர், இருக்கைகளைப் பெயர்க்கவில்லை.

சொற்களின் தெரிவிலும் கவனம் வேண்டும். 'சிறுமைப்பட்டோர்' என்னும் சொல்லில் சிறுமைப்படுத்தியவன் இல்லை. 'ஒடுக்கப்பட்டோர்' என்னும் சொல்லில் ஒடுக்கியவன் மறைந்தேனும் நிற்கிறான். முதற்சொல் நம் ஜெபங்களில் தாராளமாக வருகிறது. இரண்டாம் சொல்லைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் அடைபட்டு எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் மிகுதி. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அன்று காலை தமிழ்நாட்டின் ஆலயங்களிலெல்லாம் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை நடந்தது. ஏழைகளுக்காகவும் வேண்டியிருப்போம். 1553இன் ஜெபச் சுவடியில் இருந்த நிலக்கிழார்களுக்கான மன்றாட்டுக்கு இணையாக ஒன்று நம்மிடம் அன்று இருந்ததா என்று கேட்பதற்கு உரிமையுண்டு. அடுத்த ஞாயிறாவது, கூலி அளக்கும் மரக்காலைப் பற்றி எவரேனும் கடவுளிடம் பேசியிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

ஏழை தன்மையிடத்தில் நின்று ஜெபிக்கும் வழிபாட்டுக்குத் தமிழில் முயற்சியே இல்லை என்று கூறுவது பிழை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று அன்போடு அழைக்கப்பட்டவர், கிராமிய இசையில் வழிபாட்டு முறையை அமைத்தார். கடவுளைப் 'பெத்தவரே' என்று பேச்சுத் தமிழிலேயே அவருடைய வழிபாடு அழைக்கிறது. தந்தையும் தாயும் அச்சொல்லில் அடங்குவர். அன்றாட உணவை ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வாழ்வோடு இணைத்து அவர் கற்பித்தார். இங்கே ஏழை பேசப்படும் பொருளாக நிற்கவில்லை. அவனுடைய உலை, அவனுடைய பறை, அவனுடைய வாய்மொழி கொண்டே ஜெபம் அமைகிறது. இலக்கியத் தமிழில் ஊறிய செவிகளுக்கு முதலில் இது கரடுமுரடாகத் தோன்றலாம். கலைநயத்தில் ரவுஷன்புஷ்ஷின் ஜெபங்கள் மேலானவை என்று ஒருவர் வாதிட்டால் நாம் மறுக்க மாட்டோம். ஆயினும், நாம் மேலே எழுப்பிய கேள்விக்கு, 'நாங்கள்' என்போர் யாவர் என்ற கேள்விக்கு, அப்பாவு தரும் விடையே சங்கீதக்காரனுக்கு அருகில் நிற்கிறது. திருநெல்வேலிச் சபைகளில் இன்றும் நடைபெறும் அசனப் பண்டிகையில் ஊர் முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்கிறது. அந்த விருந்துக்கு முன் ஏறெடுக்கப்படும் ஜெபம் அந்தப் பந்தியின் பொருளை உரைக்கிறதா, அல்லது சமைத்தவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி கூறி முடிகிறதா என்று ஆயர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

மாணவர் சிலரோடு ஒரு கிராமச் சபைக்குச் சென்றிருந்தபோது, ஆராதனைக்கு முந்திய மாலையில் பெண்களிடம், நாளைய மன்றாட்டில் எவற்றைச் சேர்க்கலாம் என்று கேட்கச் சொன்னோம். 'ஏழைகளுக்காக' என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்த வேலைக்குக் கூலி வந்து சேரவில்லை என்றார் ஒரு தாயார். கண்மாயில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்றார் மற்றொருவர். வாரந்தோறும் தவணை கேட்டு வாசலில் வந்து உட்காருகிறவர்களுக்கு என்ன ஜெபம் இருக்கிறது ஐயா என்று ஓர் இளம்பெண் கேட்டாள். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். மறுநாள் கூலியும் கண்மாயும் மன்றாட்டில் இடம்பெற்றன. தவணையை எப்படி ஜெபமாக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டனர்.

அதற்குரிய சொல் நம்மிடம் இல்லாமலில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் கிரேக்க மூலம் கடன்களைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்துகிறது. நம் தமிழ் வேதாகமமும் அவ்விடத்தில் கடன், கடனாளிகள் என்றே மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால் ஆலயங்கள் பலவற்றில் நாம் மனப்பாடமாகச் சொல்லும் வடிவத்தில் அது குற்றம் என்று மாறியிருக்கிறது. 1526இல் டிண்டேல் ஆங்கிலத்தில் தெரிந்தெடுத்த சொல் பொது ஜெப நூலில் நிலைத்து, அதன் வழியாகத் தமிழ் வழிபாட்டுக்கும் வந்ததன் விளைவு இது. குற்றம் என்பது தவறான பொருளன்று. இயேசு பெருமான் பேசிய அரமாயிக் மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல் குறித்தது. லூக்காவும் தம் பதினோராம் அதிகாரத்தில் முற்பாதியில் பாவம் என்றும், பிற்பாதியில் கடன்பட்டவன் என்றும் எழுதுகிறார். ஆயினும் குற்றம் என்று மட்டும் சொல்லும்போது உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தின் ஏழாம் ஆண்டு விடுதலையும், லேவியராகமம் இருபத்தைந்தின் யூபிலி ஆண்டும் காதில் விழுவதில்லை. கடனுக்காகத் தலைமுறைகளாக உழைப்பை அடகு வைத்த மக்கள் வாழ்ந்த நாடு இது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அத்தகைய சபையில், கடன் என்னும் சொல்லை ஆண்டவருடைய வாயிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது சிறிய மாற்றமன்று.

வழிபாட்டு நூல்களைத் திருத்தும் குழுக்கள் இதை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரு வடிவங்களையும் அச்சிட்டு, சபையார் மாறி மாறிச் சொல்லப் பழக்கலாம். மனப்பாடமான ஜெபத்தை மாற்றுவது முதியோருக்கு இடர்ப்பாடாகும் என்பது மெய்யே. அதற்கு இடங்கொடுக்கத்தான் வேண்டும். புதிய மொழிபெயர்ப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. சபையார் ஆலயத்துக்கு எடுத்துவரும் வேதாகமத்திலேயே அச்சொல் அச்சாகியிருக்கிறது.